எந்த ஃபைட்டிங் கேம் பெரிது? திறமை, ஆழம், சமநிலையைத் தனித்தனியே அளப்பது எப்படி

கேரக்டர்கள் திரையில் நேருக்கு நேர் மோதும் வீடியோ கேம்கள்தான் ஃபைட்டிங் கேம்கள். அவற்றில் ஸ்ட்ரீட் ஃபைட்டரா, டெக்கனா, ஸ்மாஷ் பிரதர்ஸா, எது பெரிய ஆட்டம் என்ற வாக்குவாதம் இவற்றை ஆடுபவர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. காம்போ, அதாவது இடைவிடாமல் தொடரும் அடிகள், போட விரல் எவ்வளவு பழக வேண்டும் என்று ஒருவர் சொல்வார். போட்டிகளில் எத்தனை கேரக்டர்கள் ஜெயிக்கின்றன என்பார் அடுத்தவர். இருபது வருடமாகியும் புதுப்புது உத்தி வருகிறதே என்பார் மூன்றாமவர். மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். முதலாவது திறமை பற்றியது, இரண்டாவது சமநிலை பற்றியது, மூன்றாவது ஆழம் பற்றியது. ஒன்று ஏராளமாக உள்ள ஆட்டத்தில் இன்னொன்று பற்றாக்குறையாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஆட்டங்கள் நிறையவே உண்டு. அதனால் ஒப்பிடுவதற்கு முன் மூன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஃபிரேம் என்ற அலகு

ஏறக்குறைய எல்லா ஃபைட்டிங் கேமும் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகிறது. ஃபிரேம் என்பது திரையில் தோன்றி மறையும் ஒரு படம். ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. ஒவ்வொரு அடிக்கும் மூன்று பகுதிகள் உண்டு: பட்டனை அழுத்தியதிலிருந்து அடி விழும்வரை தொடக்க ஃபிரேம்கள், அடி எதிராளியைத் தொடக்கூடிய ஃபிரேம்கள், கைகால் பழைய நிலைக்குத் திரும்பும் மீட்சி ஃபிரேம்கள். எதிராளி அடியைத் தடுத்துவிட்டால் இருவரில் யார் எத்தனை ஃபிரேம் முன்னதாக அசைய முடியும் என்பதை பிளஸ், மைனஸ் என்று எண்ணில் சொல்வார்கள். மைனஸ் 5 என்றால் அடித்தவர் 5 ஃபிரேம் பின்தங்கி நிற்கிறார்.

முதல் ஒப்பீட்டுத் தவறு இங்கேயே நடக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் வேகமான சாதாரண அடிகள் 4 ஃபிரேமில் விழும். டெக்கன் 8இல் வேகமான குத்துக்கு 10 ஃபிரேம் வேண்டும். ஆகவே தடுக்கப்பட்டால் மைனஸ் 9 ஆகும் ஓர் அடி டெக்கனில் பொதுவாகப் பத்திரமானது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அதே மைனஸ் 9, எதிராளி எட்டும் தூரத்தில் இருந்தால், ஒரு முழுக் காம்போவை வாங்கித் தரும். ‘அந்த ஆட்டத்தில் எல்லாமே மைனஸ் 9தான், பாதுகாப்பே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஆட்டத்தின் வேகமான அடி எத்தனை ஃபிரேம் என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் இரு ஆட்டங்களின் ஃபிரேம் எண்களை அருகருகே வைப்பது வீண் வேலை.

அனிச்சை வேகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணால் பார்த்து விரல் அழுத்த ஒருவருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி, அதாவது 12 முதல் 15 ஃபிரேம் ஆகிறது. அதுவும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தால்தான். நான்கைந்து சாத்தியங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும்போது இன்னும் கூடும். இதோடு கருவியின் தாமதமும் சேர்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 2016இல் வெளியான புதிதில், பட்டன் அழுத்தியது திரையில் தெரியச் சுமார் 8 ஃபிரேம் ஆனது. குனிந்து தடுப்பவரை மேலிருந்து அடிக்கும் ஓவர்ஹெட் ஒன்று 20 ஃபிரேமில் விழுகிறது என்றால், 8 ஃபிரேம் தாமதம் போக மிஞ்சுவது 12, அதாவது 200 மில்லிநொடி. காகிதத்தில் பார்த்துத் தடுக்கக்கூடியது, கையில் வரும்போது ஊகித்துத் தடுக்க வேண்டியதாக மாறிவிடுகிறது.

திறமை ஒன்றல்ல

திறமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறு திறன்கள் அடங்கியிருக்கின்றன. விரல் துல்லியம், ஆட்ட அறிவு, அனிச்சை வேகம், தூரக் கணிப்பு, எதிராளியின் மனத்தைப் படிப்பது. ஒவ்வொரு ஆட்டமும் இவற்றுக்கு வெவ்வேறு எடை கொடுக்கிறது.

விரல் துல்லியம் எல்லோர் கண்ணுக்கும் படுவது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் பல காம்போக்களுக்கு ஒரே ஃபிரேம் இடைவெளியில் அடுத்த பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. டெக்கனில் மிஷிமா குடும்பத்துக் கேரக்டர்களின் எலக்ட்ரிக் குத்துக்கு, ஸ்டிக் கீழ்முன் மூலைக்கு வரும் அதே ஃபிரேமில் குத்து பட்டனும் அழுந்த வேண்டும். விர்ச்சுவா ஃபைட்டரில் அகிராவின் முழங்கால் அடிக்கு, உதையையும் தடுப்பையும் சேர்த்து அழுத்தி, தடுப்பை மட்டும் ஒரு ஃபிரேமுக்குள் விட வேண்டும். ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலியில் வானத்தில் அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது கடைசி 7 ஃபிரேமுக்குள் கேடயப் பட்டனைத் தட்டினால் தரையிறங்கும் தாமதம் பாதியாகும். நல்ல வீரர் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டுகிறார்.

இந்த நான்கும் கடினமானவைதான். ஆனால் கடினம் என்பதாலேயே ஆட்டம் ஆழமாகிவிடாது. மெலியின் அந்தத் தட்டலைச் செய்யாமல் விடுவதால் நன்மை கிடைக்கும் சூழல் கிட்டத்தட்ட இல்லை. எப்போதும் செய்ய வேண்டிய ஒன்றில் முடிவெடுக்க என்ன இருக்கிறது? அது ஆட்டத்துக்குள் நுழையச் செலுத்தும் கட்டணம். எலக்ட்ரிக் குத்தோ வேறு வகை. பிசகினால் வருவது பலவீனமான சாதாரண வடிவம். தடுக்கப்பட்டால் அடி வாங்கலாம். ‘இந்த நெருக்கடியில் என் விரலை நம்பலாமா’ என்பதே அங்கே ஒரு முடிவாகிறது. அந்த அடி அவ்வளவு பலமாக இருப்பதற்கு அதன் கடினம்தான் விலை. அதை ஒரே பட்டனுக்கு மாற்றினால் டெக்கனின் சமநிலையே சரிந்துவிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் மாடர்ன் கட்டுப்பாட்டு முறை இந்த விலையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டிக்கைச் சுழற்றாமல் ஒரே பட்டனில் சிறப்பு அடிகள் வரும், ஆனால் அப்படி வரும் அடிக்கு 80 சதவீதச் சேதம் மட்டுமே. சில சாதாரண அடிகளும் அந்த முறையில் கிடையாது. பதிலுக்கு, எதிராளி தாவுவதைப் பார்த்த கணத்தில் மேல்நோக்கிய அடியை எடுக்க முடிகிறது. விரலிலிருந்து எடுத்து அனிச்சைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ‘மாடர்ன் ஆடுபவருக்குத் திறமை வேண்டாம்’ என்பவர்கள் ஐந்தில் ஒன்றை மட்டும் எண்ணுகிறார்கள்.

ஆட்ட அறிவுக்கு டெக்கன் போல எடை கொடுக்கும் ஆட்டம் குறைவு. டெக்கன் 8 வெளியானபோதே 32 கேரக்டர்கள், ஒவ்வொருவருக்கும் சுமார் நூறு அடிகள். ஒரு தொடர் அடியில் மூன்றாவது மேலடி, அதற்கு முன் குனிந்தால் திருப்பி அடிக்கலாம் என்பது தெரியாதவர், தெரியும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்ப வாங்குவார். புதியவர்கள் இதைத்தான் ‘எதிராளி ஒரே அடியைப் போட்டு ஜெயித்துவிட்டார்’ என்று நொந்துகொள்கிறார்கள். 2019இல் வந்த சாமுராய் ஷோடவுன் இதற்கு நேர் எதிர். காம்போ குறுகியது, ஒரு கனமான வெட்டு உயிரில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அங்கே எடை முழுவதும் தூரக் கணிப்பின் மேல்.

திறமை ஏணியின் உயரம்

ஓர் ஆட்டத்தில் திறமைக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று அளக்க ஒரு நேர்மையான வழி உண்டு. அப்போதுதான் தொடங்கியவரை ஏணியின் அடியில் வையுங்கள். அவரை நான்கில் மூன்று முறை தோற்கடிப்பவர் அடுத்த படி. அவரை அதே விகிதத்தில் தோற்கடிப்பவர் அதற்கடுத்த படி. உலகின் மிகச் சிறந்தவர்வரை எத்தனை படிகள் வருகின்றன என்பதே ஏணியின் உயரம். சதுரங்கத்தில் பயன்படும் எலோ கணக்கில் 200 புள்ளி வித்தியாசம் என்பது சுமார் 76 சதவீத வெற்றி வாய்ப்பு. ஆகவே எலோ மாதிரியான தரவரிசை உள்ள ஆட்டத்தில் 200 புள்ளிக்கு ஒரு படி என்று எண்ணலாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில் விழுகிறார்கள். ‘டெக்கனில் பெரிய வீரர்கள் எளிதில் தோற்பதில்லை, எனவே அங்கே திறமைக்கு மதிப்பு அதிகம்’ என்று சொல்வார்கள். ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஓர் ஆட்டம் பொதுவாக மூன்றில் இரண்டு சுற்று. டெக்கனில் ஐந்தில் மூன்று சுற்று. இருவர் மோதும்போது ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு அவர்களில் ஒருவருக்கு 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு என்றால் அவர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 64.8 சதவீதம், ஐந்தில் மூன்று என்றால் 68.3 சதவீதம். மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டிய போட்டியில் அது முறையே சுமார் 72, 76 சதவீதமாக வளர்கிறது. திறமை வித்தியாசம் கடுகளவும் மாறவில்லை, சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே மாறியது. அதிர்ச்சித் தோல்விகளை எண்ணி இரு ஆட்டங்களை ஒப்பிடுபவர் முதலில் சுற்றுக் கணக்கைச் சமன்செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஏணியின் உச்சி நமக்குத் தெரிந்த வீரர்களின் உச்சிதான். ஈவோ என்பது ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய போட்டி. 2019 பிப்ரவரியில் ஈவோ ஜப்பானிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் டெக்கன் 7 பட்டத்தை வென்றவர் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். அதுவரை கொரிய வீரர்கள்தான் உச்சம் என்று உலகம் நம்பியிருந்தது. பாகிஸ்தானில் விசா சிக்கலாலும் பணச் செலவாலும் வெளியே வர முடியாமல் ஒரு வலுவான ஆட்டக் கூட்டம் தங்களுக்குள்ளேயே ஆடி வளர்ந்திருந்தது. ஆட்டம் அதேதான், ஏணியில் கண்ணுக்குத் தெரியாத படிகள் இருந்தன. ஒரே ஊரில், ஒரே நாட்டில் மட்டும் ஆடப்படும் ஆட்டத்துக்கு ‘இதுதான் எல்லை’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

ஆழம்: முடிவுகளின் எண்ணிக்கை

ஆழத்தையும் சிக்கலையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. நூறு அடி உள்ள கேரக்டரிடம் ஐந்து அடி மட்டும் எப்போதும் சிறந்தது என்றால், மீதி தொண்ணூற்றைந்தும் செத்த அடிகள். சிக்கல் என்பது கற்க வேண்டியதன் அளவு. கற்று முடித்த இருவர் மோதும்போதும் ‘இப்போது எது சரி’ என்ற கேள்வி எத்தனை இடத்தில் உயிரோடு இருக்கிறதோ, அதுதான் ஆழம். விர்ச்சுவா ஃபைட்டரில் பட்டன்கள் மூன்றே: குத்து, உதை, தடுப்பு. 2013இல் வந்த டைவ்கிக்கில் இரண்டே பட்டன். ஓர் அடி பட்டால் சுற்று முடிந்தது. அந்த இரண்டு பட்டனிலும் உயரம், தூரம், நேரம் பற்றிய உண்மையான முடிவுகள் இருந்தன.

ஆழம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்களோடு பார்ப்பது நல்லது, ஏனென்றால் ‘கல், காகிதம், கத்தரி’ என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் மிக முக்கியமான பகுதியை விட்டுவிடுகிறார்கள். எதிராளி கீழே விழுந்து எழுகிறார், நீங்கள் அருகில் நிற்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு வழிகள்: அடி, அல்லது தடுப்பவரையும் பிடித்து வீசும் த்ரோ. அவருக்கும் இரண்டு: தடுப்பது, அல்லது த்ரோவை உடைக்கும் பட்டனை அழுத்துவது. அடியை அவர் தடுத்தால் சேதம் 0. அவர் த்ரோவை உடைக்க முயன்று நீங்கள் அடித்திருந்தால் காம்போ, 30 சேதம். அவர் தடுத்துக்கொண்டிருக்க நீங்கள் த்ரோ செய்தால் 12. த்ரோ செய்யும்போது அவர் உடைத்துவிட்டால் 0.

எதை எத்தனை முறை செய்ய வேண்டும்? 30 பெரியது என்பதால் அடிக்கத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஏழில் ஐந்து முறை த்ரோ, இரண்டு முறை மட்டுமே அடி. அப்படிச் செய்தால், எப்போதும் தடுக்கும் எதிராளி சராசரியாக 12இல் ஏழில் ஐந்து பங்கை, அதாவது 8.57ஐ இழப்பார். எப்போதும் உடைக்க முயல்பவர் 30இல் ஏழில் இரண்டு பங்கை, அதே 8.57ஐ இழப்பார். எந்த வழியில் போனாலும் அவருக்குத் தப்பில்லை. பெரிய அடியின் அச்சமே சிறிய த்ரோவுக்குப் பலம் தருகிறது. அடி வாங்கப் பயந்து அவர் தடுக்கிறார், தடுப்பதால் த்ரோவில் சிக்குகிறார்.

இப்போது ஆட்டத்தைத் தயாரித்தவர்கள் பேட்ச் எனப்படும் ஒரு திருத்த வெளியீட்டில் காம்போ சேதத்தை 30இலிருந்து 48ஆக உயர்த்துகிறார்கள் என்று வையுங்கள். 60 சதவீத உயர்வு. புதிய கணக்கில் நீங்கள் ஐந்தில் நான்கு முறை த்ரோ செய்ய வேண்டும். சராசரி ஆதாயம் 9.6. அதாவது 12 சதவீதம்தான் கூடியது, அதோடு பலப்படுத்தப்பட்ட அடியின் பயன்பாடு குறைகிறது. பேட்ச் குறிப்பில் ஓர் எண் மாறியதைப் பார்த்து ‘இந்தக் கேரக்டர் கெட்டது’, ‘இவன் இனி அசுரன்’ என்று உடனே தீர்ப்பெழுதுவது ஏன் தவறுகிறது என்பதற்கு இது போதும்.

ஆழம் இதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. எதிராளியின் உயிர் 10 மட்டும் மிச்சம் என்றால் த்ரோவும் கொல்லும், காம்போவும் கொல்லும். இரண்டும் சம மதிப்பு பெற்று, சரியான விகிதம் பாதிக்குப் பாதியாகிறது. உயிர் 25 என்றால் காம்போ கொல்லும், த்ரோ கொல்லாது. விகிதம் மீண்டும் நகரும். சுவரோரம் நின்றால் ஒன்று, கையிருப்பில் மீட்டர், அதாவது சிறப்பு அடிகளுக்குச் செலவிடும் சக்தி, இருந்தால் ஒன்று, நேரம் முடியப் போகிறதென்றால் ஒன்று. அதே இரண்டு பட்டன்தான். ஆனால் நிலைமை மாறும்போதெல்லாம் சரியான பதில் மாறுகிறது, அதை அரை நொடியில் இருவரும் மதிப்பிட வேண்டும். மனிதர்கள் பகடைக் காய்களும் அல்ல. இரண்டு முறை த்ரோ வாங்கியவர் மூன்றாவது முறை உடைக்க அழுத்துவார் என்ற சாய்வு பெரும்பாலானோரிடம் உண்டு. அதைப் படிப்பவர் விகிதத்தை மீறி ஆடி ஜெயிக்கிறார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் டிரைவ் மீட்டர் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல இதுவே காரணம். சுற்றுத் தொடக்கத்திலேயே 6 கட்டம் நிரம்பியிருக்கும். எதிரடியைத் தாங்கிக்கொண்டே அடிக்கும் டிரைவ் இம்பாக்டுக்கு 1, பலப்படுத்திய சிறப்பு அடிக்கு 2, சாதாரண அடியிலிருந்து பாய்ந்து தொடர்வதற்கு 3. முழுவதும் தீர்ந்தால் பர்ன்அவுட்: டிரைவ் உத்தி எதுவும் கிடையாது, சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் உயிர் கசியும், எதிராளியின் அடியைத் தடுக்கும்போது அவருக்கு 4 ஃபிரேம் கூடுதல் அனுகூலம். ஒவ்வொரு செலவும் அடுத்த இருபது நொடியின் முடிவுகளை மாற்றுகிறது. புதிதாக ஒரு பட்டனைச் சேர்ப்பதைவிட, இருக்கும் பட்டன்களின் மதிப்பை ஓயாமல் நகர்த்தும் இப்படி ஒரு விதி ஆழத்துக்கு அதிகம் தருகிறது.

1999இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கின் பாரி இன்னும் துணிச்சலானது. அடி விழும் தருணத்தில் தடுக்காமல் முன்னோக்கித் தட்டினால் சேதமே இல்லை, உடனே திருப்பி அடிக்கலாம். சாளரம் சுமார் 10 ஃபிரேம். 2004 ஈவோவில் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வோங்கின் சுன்-லி ஏவிய சூப்பர் அடியின் 15 தாக்குதல்களையும் பாரி செய்தது எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி. அவரது கென்னுக்கு உயிர் ஒரு கோடளவுதான் இருந்தது. தடுத்திருந்தாலும் கசிவுச் சேதத்தில் தோற்றிருப்பார். பலரும் அதில் விரல் துல்லியத்தை வியக்கிறார்கள். முதல் தாக்குதலைப் பார்த்துவிட்டு பாரி செய்ய நேரமே கிடையாது, அந்தச் சூப்பர் அந்தக் கணத்தில் வரும் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சமநிலை: எதற்கும் எதற்கும் இடையே?

தேர்ட் ஸ்ட்ரைக் அவ்வளவு ஆழமான ஆட்டம், ஆனால் சமநிலை மோசம். சுன்-லி, யுன், கென் மூவரும் உச்சியில். ஷான், ட்வெல்வ் போன்றவர்கள் பாதாளத்தில். 2000இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2இல் 56 கேரக்டர்கள். மூவர் மூவராகச் சேர்த்தால் 27,720 அணிகள் கிடைக்கும். உயர்மட்டப் போட்டிகளில் மேக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரைச் சுற்றியே ஏறக்குறைய எல்லாம் நடந்தது. ஆனாலும் அது 2010 வரை ஈவோ மேடையில் ஆடப்பட்டது, புதிய உத்திகள் வந்துகொண்டே இருந்தன. அந்த நால்வருக்குள் இருந்த முடிவுகள் மட்டுமே பத்தாண்டுக்குத் தீனி போட்டன. சமநிலை இல்லாமல் ஆழம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்மை: ஒரே கேரக்டர் மட்டும் உள்ள ஆட்டம் பூரணச் சமநிலை கொண்டது, ஆழம் சுழியாகவும் இருக்கலாம்.

சமநிலையை இரண்டு மட்டத்தில் பார்க்க வேண்டும். ஒன்று கேரக்டர்களின் மொத்த பலம். இன்னொன்று தனித்தனி மேட்ச்-அப், அதாவது குறிப்பிட்ட இரு கேரக்டர்கள் மோதினால் யாருக்குச் சாதகம் என்பது. மேட்ச்-அப்பைப் பத்து ஆட்டக் கணக்கில் சொல்வது வழக்கம். 5-5 சமம், 6-4 லேசான சாய்வு, 7-3 கடினம், 8-2க்கு மேல் போனால் கேரக்டரை மாற்றிக்கொள்வது நல்லது. இப்போது மூன்றே கேரக்டர்கள் உள்ள ஓர் ஆட்டம்: முதலாமவர் இரண்டாமவரை 9-1 என்று வெல்கிறார், இரண்டாமவர் மூன்றாமவரை 9-1, மூன்றாமவர் முதலாமவரை 9-1. மூவரின் சராசரியும் 50 சதவீதம். சராசரியை மட்டும் பார்த்தால் உலகின் மிகச் சமநிலையான ஆட்டம். நடைமுறையில் கேரக்டர் தேர்வுத் திரையிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. இணையத்தில் வரும் வெற்றி விகித அட்டவணைகளை இந்தக் கேள்வியோடு படியுங்கள்: சராசரி 50க்கு அருகில் இருக்கிறது, சரி, மேட்ச்-அப்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன?

அதே அட்டவணையை எந்தத் தரவரிசையினர் ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். தாவலைத் தடுக்கத் தெரியாதவர்கள் மத்தியில் ஸாங்கியெஃப் போன்ற மல்யுத்தக் கேரக்டர் எளிதில் நெருங்கிவிடுவார். தூரம் காக்கத் தெரிந்தவர்களிடம் அவர் திண்டாடுவார். கீழ்த் தரவரிசையில் பலசாலியாகவும் உச்சியில் சாதாரணமாகவும் ஒரே கேரக்டர் இருப்பதில் முரண் இல்லை. வேறு வேறு மட்டத்துச் சமநிலைகளை ஒரே சராசரியில் கலப்பதுதான் தவறு.

போட்டி முடிவுகளிலிருந்து பன்மையை அளக்க ஒரு சூத்திரம் கைகொடுக்கும். ஒவ்வொரு கேரக்டரின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். கடைசி 8 பேரும் எட்டு வேறு கேரக்டர் எடுத்திருந்தால் விடை 8. ஐந்து பேர் ஒரே கேரக்டர், மற்ற மூவர் வெவ்வேறு என்றால் பங்குகள் 0.625, 0.125, 0.125, 0.125, வர்க்கங்களின் கூட்டு 0.4375, விடை சுமார் 2.3. பெயருக்கு நான்கு கேரக்டர்கள், மெய்யாக இரண்டே கால். ஆனால் 8 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரு போட்டியின் கடைசி 8ஐ வைத்து எதையும் நிறுவ முடியாது. பல போட்டிகளின் கடைசி 64ஐச் சேர்த்தால் கணக்கு நிற்கும்.

சில நேரம் சின்ன மாதிரியே உரக்கக் கத்தும் என்பதும் உண்மை. 2019 டிசம்பரில் டெக்கன் 7இல் லெராய் ஸ்மித் என்ற கேரக்டர் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதம் நடந்த ஈவோ ஜப்பான் 2020இன் கடைசி 8 பேரில் பெரும்பாலோர் அவரையே எடுத்திருந்தார்கள். பின்னர் பேட்ச்களில் அவரைக் குறைத்தார்கள். 1994இன் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் பேட்ச் என்ற வழியே இல்லை. மறைந்திருக்கும் கேரக்டரான அகுமா வானத்திலிருந்து குறுக்காக எறியும் நெருப்புப் பந்துக்குப் பலரிடம் பதிலே இல்லாததால் அமெரிக்கப் போட்டிகளில் அவரைத் தடை செய்தார்கள். அந்த ஒருவரை நீக்கியதும் மீதி ஆட்டம் பல ஆண்டு தாங்கியது.

கேரக்டர்களைப் பலத்தின்படி அடுக்கும் டயர் லிஸ்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஆட்டத்தின் சமநிலைப் பட்டியல் அல்ல, அன்றைய தேதியில் வீரர்களுக்குத் தெரிந்ததன் பட்டியல். 2001இல் வந்த மெலியை அதன் தயாரிப்பாளர்கள் பேட்ச் செய்து சரிபார்த்துக்கொண்டே இருக்கவில்லை. யோஷியை நெடுங்காலம் போட்டிக்கு உதவாதவர் என்றே ஒதுக்கியிருந்தார்கள். ஜப்பானிய வீரர் ஆம்சா பல ஆண்டுகள் அவரையே ஆடி, பாரி உத்திகளை மெருகேற்றி, 2022இல் தி பிக் ஹவுஸ் 10 என்ற பெரிய போட்டியையே வென்றார். ஆட்டத்தின் ஒரு வரிக் குறியீடுகூட மாறாமல் பட்டியல் மாறியது. அடிக்கடி பேட்ச் வரும் ஆட்டங்களில் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை. எதிர் உத்தி பிறக்கும் முன்பே புகார் தீர்க்கப்பட்டுவிடுகிறது. அதை நான் இழப்பாகவே பார்க்கிறேன், லெராய் போன்ற வெளிப்படையான பிழைகளைத் தவிர.

இரண்டு ஆட்டங்களை எடுத்து ஒப்பிட்டால்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டையும் வைத்துச் செய்து பார்க்கலாம். இரண்டிலும் பயிற்சி அறையில் ஃபிரேம் விவரம் திரையிலேயே கிடைக்கிறது, தனியே தேட வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு நடுத்தரக் கேரக்டரை எடுங்கள்.  உச்சத்தில் உள்ளவரையும் அடிமட்டத்தில் உள்ளவரையும் தவிர்க்கக் காரணம், அவர்களிடம் ஆட்டத்தின் விதிகளைவிட அவர்களது விதிவிலக்குகளே அதிகம் தெரியும்.

விரல் சுமையை முதலில் அளந்து ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கேரக்டரின் அடிப்படையான, நல்ல சேதம் தரும் ஒரு காம்போவைப் பத்துக்கு எட்டு முறை தவறாமல் போட எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நின்று ஒரு முறையும் வலப்பக்கம் நின்று ஒரு முறையும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பழகி ஏமாறுவது சகஜம். இந்த எண் அந்த ஆட்டத்தின் நுழைவுக் கட்டணம். ஆழத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறுபடி உள்ளே கொண்டுவரக் கூடாது.

பிறகு அறிவுச் சுமை. உங்களுக்குத் தெரியாத ஒரு கேரக்டரின் வழக்கமான ஐந்து தாக்குதல்களைப் பயிற்சிப் பொம்மையில் பதிவு செய்து, மாறி மாறி வரும்படி வையுங்கள். ஐந்துக்கும் சரியான பதில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இது பெரும்பாலும் ஒரு மாலையில் முடியும். டெக்கனில் பக்கவாட்டு நகர்வும் கணக்கில் வருவதால், எந்தப் பக்கம் நகர்ந்தால் தப்பலாம் என்பதையும் சோதிக்க வேண்டியிருக்கும், நேரம் பெருகும். இதைக் கேரக்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் எந்த ஆட்டத்தில் அறிவுக்கு எடை அதிகம் என்பது தானே தெரியும்.

ஆழத்துக்குப் பயிற்சி அறை உதவாது. சம திறமையுள்ள இரு உயர்மட்ட வீரர்களின் ஒரு நீண்ட போட்டியைப் பாருங்கள், பத்து ஆட்டம்வரை போகும் வகை இருந்தால் மிக நல்லது. ஒரே சூழலை மட்டும் தேர்ந்தெடுங்கள், உதாரணமாகச் சுவரோரம் ஒருவர் எழும் தருணம். ஒவ்வொரு முறையும் தாக்குபவர் என்ன செய்தார், தற்காப்பவர் என்ன செய்தார், அப்போது உயிர் எவ்வளவு, மீட்டர் எவ்வளவு என்று நான்கு பத்தியில் எழுதுங்கள். முப்பது வரி சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். உயிரும் மீட்டரும் மாறும்போது தேர்வுகளும் மாறினால் அந்தச் சூழலில் ஆழம் இருக்கிறது. என்ன நிலைமையானாலும் ஒரே பதில்தான் என்றால் அது மனப்பாடம். பதில்கள் மாறுகின்றன, ஆனால் உயிர், மீட்டர் எதோடும் ஒட்டாமல் மாறுகின்றன என்றால் அது பெரும்பாலும் வெறும் ஊகம். டெக்கன் 8இன் இரண்டாம் சீசன் 2025 ஏப்ரலில் வந்தபோது வீரர்கள் எழுப்பிய குரலும் இதுவே. தாக்குபவருக்கு அளவுக்கு மீறிய பலம் தந்ததால், தற்காப்பவருக்கு இருந்த முடிவுகள் குறைந்து ஊகம் மட்டும் மிஞ்சியது என்றார்கள். தயாரிப்பாளர்கள் அவசரத் திருத்தங்கள் வெளியிட வேண்டியதாயிற்று.

சமநிலைக்கு, மேலே சொன்ன வர்க்கச் சூத்திரத்தை இரு ஆட்டங்களின் கடைசி 64களுக்கும் போடுங்கள். வரும் விடையை மொத்தக் கேரக்டர் எண்ணிக்கையோடு சேர்த்தே எழுதுங்கள். 18 கேரக்டர் உள்ள ஆட்டத்தில் 9 என்பதும் 32 உள்ள ஆட்டத்தில் 9 என்பதும் ஒன்றல்ல. ஒருவர் போட்டியின் நடுவே கேரக்டரை மாற்றினால் இரண்டுக்கும் அரைப் பங்கு கொடுங்கள். குழுவாக மூவரை எடுக்கும் ஆட்டங்களோடு இந்த எண்ணை ஒப்பிடாதீர்கள். அங்கே ஒரு வீரரின் பங்கே மூன்றாகப் பிரிவதால் எண் செயற்கையாக வீங்கிவிடும்.

எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே ஆட்டத்தின் பேட்ச் எண்ணையும் போட்டி நடந்த மாதத்தையும் குறித்து வையுங்கள். 2025 மார்ச்சில் நடந்த டெக்கன் 8 போட்டியையும் அதே ஆண்டு மே மாதப் போட்டியையும் ஒரே கூட்டலில் சேர்த்தால், பெயர் ஒன்றாக உள்ள இரண்டு வெவ்வேறு ஆட்டங்களின் சராசரிதான் கையில் வரும்.